மாடத்தில் இருந்த அட்டை

சென்னிமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா தார் சுற்றும் ராட்டை இருக்கும். பக்கத்து மாடத்தில், நூல்கண்டுகளுக்குப் பின்னால், ஒரு மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டை. 21 வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசையில் 7 பழுப்பு. பழுப்பு வெறும் இரும்புச்சத்துதான், நாள் கணக்குத் தவறாமல் இருக்கத்தான் அது என்று கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லித் தந்ததை அம்மா இன்றும் அப்படியே ஒப்பிப்பார்.

நான் பிறந்தது 1989, தம்பி 1994. இடைப்பட்ட காலத்தை அம்மா அந்த அட்டையிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். முதல் வருடம் அப்பாவுக்கே தெரியாது. ஆரம்பத்தில் காலையில் குமட்டியிருக்கிறது. மசக்கை என்று நினைத்து ஆத்தா சந்தையிலிருந்து மாங்காய் வாங்கி வந்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் தின்றிருக்கிறார்.

அந்தக் குமட்டலை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். 1956இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிங்கஸும் ஜான் ராக்கும் கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தது அங்குள்ள ஏழைப் பெண்களிடம்தான். இது சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை. தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றவர்களின் பேச்சை மனப்பிரமை என்று தள்ளினார்கள். 1960இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோதும் அதிலிருந்த ஹார்மோன் இன்றைய மாத்திரையைவிடப் பல மடங்கு அதிகம். அந்தப் பெண்களின் உடம்பைத் தாண்டித்தான் அது எங்கள் மாடத்துக்கு வந்தது. இதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஈரோடு. பெரியார் 1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய ஊர். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று அவர் எழுதினார். 1952இல் அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மக்கள்தொகைக் கணக்கைத்தான் பார்த்தது. எங்கள் பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான்.

1993இல் மாத்திரையை நிறுத்தியதும் அம்மாவின் முடிவே. இரண்டாவது தறி போட்டாகிவிட்டது, கையில் கொஞ்சம் பணம் இருந்தது. தம்பி பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அம்மாவுக்கு ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

போன மாதம் இதைப் பற்றிக் கேட்டேன். தார் சுற்றிக்கொண்டே சொன்னார்: “இரண்டு போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அம்மணி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”