திரும்பியிருக்கலாமே

"திரும்பியிருக்கலாமே சார்?" ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கோபமும் இல்லை. முன்சக்கரம் மடங்கி, புரொப்பெல்லர் பிளந்து, உழுத வயலில் மூக்குக் குத்திக் கிடந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பல வருடம் அவர் தன் கையால் கட்டியது, அன்று ஓட்டியது நான். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஓய்ந்தது, புறப்பட்ட ரன்வேக்குத் திரும்பாமல் நேரே வயலில் இறக்கினேன். எனக்குக் கீறல்கூட இல்லை. "500 அடிதான் இருந்தது" என்றேன். அது பதில்தானா என்று இன்னும் தெளிவில்லை.

இத்தனைக்கும் முன்கூட்டியே பேசி வைத்த விஷயம். 700 அடிக்குக் கீழே இன்ஜின் போனால் நேராகவே இறங்குவேன் என்று சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டினார். புறப்பட்ட ரன்வேக்கே வர 180 டிகிரி திரும்பினால் போதாது. திரும்பும்போது பக்கவாட்டில் விலகிப் போய்விடுவதால், அதையும் சரிசெய்து நேராக்க 200 டிகிரிக்கு மேல் ஆகிவிடும். 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கிப் பிடிக்காது என்கிற வேகம், சுமார் 19 சதவீதம் கூடும். லேசான, காற்றுத்தடை அதிகமான இந்த மாதிரி விமானங்களில் இன்ஜின் ஓய்ந்ததும் இருக்கிற வேகமும் மளமளவென்று கரையும். ஸ்டிக்கை உடனே முன்னால் தள்ளி மூக்கைத் தாழ்த்தாவிட்டால் திருப்புகிற பேச்சுக்கே இடமில்லை. தள்ளினேன், அதில் சந்தேகம் இல்லை.

பிற்பாடு அதே ரக விமானத்தில் 3,000 அடியில் ஒத்திகை பார்த்தேன். ஏறிக்கொண்டிருக்கும்போது த்ராட்டிலை மூடி இன்ஜின் சக்தியைக் குறைத்துவிட்டு உடனே திருப்பினால் 400 அடிக்குள் முடிந்துவிட்டது. மனசே கெட்டுப்போனது. அப்புறம், மூடிய பிறகு நாலு விநாடி சும்மா இருந்துவிட்டுத் திருப்பினேன். 500 அடி பத்தவில்லை. என்ன ஆயிற்று என்று மண்டையில் உறைக்கவே அந்த நாலு விநாடி போய்விடும் என்பார்கள், சரிதான். ஆனால் அன்று இன்ஜின் சட்டென்று நிற்கவில்லையே. திணறியது, கொஞ்சம் பிடித்தது, மறுபடி திணறியது. இரண்டாவது திணறலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் நேரம் இருந்ததா?

காரணம் அநேகமாக வேப்பர் லாக், அதாவது குழாயில் பெட்ரோல் ஆவியாகி இன்ஜினுக்குப் போகும் ஓட்டத்தைத் தடுத்துவிடுவது. முந்தைய சுற்று முடிந்து இறங்கி, சூடான இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசிக்கொண்டு நின்றோம். காற்றோட்டமில்லாத கவுலிங்குக்குள், அதாவது இன்ஜினைச் சுற்றியுள்ள மூடிக்குள், சூடு ஏறிக்கொண்டே போகும். குழாயில் நிற்கும் பெட்ரோல் அங்கேயே ஆவியாகும். ஊற்றியிருந்தது வேறு மோட்டார் பெட்ரோல், விமானப் பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாவது. எரிபொருள் ஓட்டத்தை முதல் பறத்தலுக்கு முன்பே அளந்திருந்தோம். மூக்கைத் தூக்கி வைத்து, டேக் ஆஃபில் இன்ஜின் குடிக்கும் அளவில் 125 சதவீதம் பம்ப் கொடுக்கிறதா என்று பார்த்தோம். கொடுத்தது, குளிர்ந்த இன்ஜினில்.

ஆவி தடயம் எதையும் விட்டு வைக்காது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபோது கார்புரேட்டர் சுத்தம், வடிகட்டி சுத்தம், பெட்ரோலில் தண்ணீர் இல்லை, டாங்க் காற்றுத்துளையிலும் அடைப்பில்லை. அவர் கட்டியதில் குறை எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது என் முடிவு மட்டும்.

திரும்பப் பார்த்து, ஸ்டாலாகிச் சுழன்று விழுந்தவர்களைப் பற்றிய விபத்து அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். அந்த 700 அடிப் பிடிவாதம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் திரும்பி வந்து ஒழுங்காக இறங்கியவனைப் பற்றி யாரும் விபத்து அறிக்கை எழுதுவதில்லை. நான் வைத்திருக்கும் கணக்கு ஒருபக்கக் கணக்கு என்பது அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதற்காக அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. உயிரோடு உட்கார்ந்துதானே இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் இன்னொருவர் தன் விமானத்தின் முதல் பறத்தலுக்குக் கூப்பிட்டார். "எத்தனை அடிக்கு மேல என்றால் திரும்புவீங்க?" என்று கேட்டார். யோசிக்காமலே 700 என்றேன். அப்புறம், சூடான இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் விட்டுவிட்டு, மறுபடி கிளப்பி, விமானத்தைக் கட்டி வைத்து முழு த்ராட்டிலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். ஓட்டினோம். ஒருமுறைகூடத் திணறவில்லை. அன்றைக்கும் அப்படி ஓட்டிப் பார்த்திருந்தால் திணறியிருக்குமா என்றும் தெரியவில்லை.