சேலத்துக்கு நேர் கிழக்கே

அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பகோடா பாயிண்ட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே நின்றால் மலை கிழக்குப் பக்கம் இறங்கும். "இப்படியே நூல் பிடிச்ச மாதிரி போனா கடல் வந்துரும் கண்ணு" என்பார். கடலுக்கு அப்பால் என்ன என்று நான் கேட்டதில்லை.

2018-ல் ஒருநாள், கொலுசுப் பட்டறையில் கணக்கை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது, போனில் வரைபடத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனேன். வாழப்பாடி, சின்னசேலம், கடலூர், அப்புறம் வெறும் நீலம். விரல் வலிக்கிற அளவுக்குத் தள்ளிய பிறகு அந்தமான் வந்தது. சேலமும் போர்ட் பிளேயரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. நேர்கோட்டில் சுமார் 1,600 கிலோமீட்டர். ஏற்காட்டிலிருந்து கோடு இழுத்தால் அது அந்தமானின் நீல் தீவுக்குப் பக்கத்தில் போகிறது. அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதுவரை அவர் ஏறியிருந்த ஒரே படகு ஏற்காடு ஏரியில் ஓடும் மிதிபடகு.

கையில் இருந்தது ஏலச்சீட்டு எடுத்த முப்பதாயிரம். விசாரித்த டூர் பேக்கேஜ் ஒவ்வொன்றும் ஒருவருக்கே அவ்வளவு கேட்டது. அதனால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று முடிவு செய்தேன். சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு அரசுப் பயணிகள் கப்பல் மாதத்துக்கு மூன்று நான்கு முறைதான் போகும். தேதி அறிவித்ததும் டிக்கெட் எடுக்க ராஜாஜி சாலைக்குத் தனியாக ஒரு நடை போய் வந்தேன். (எங்கள் சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் பெயரில் உள்ள சாலை. அப்பா அதைக் கேட்டதும் நல்ல சகுனம் என்றார்.) பங்க் வகுப்பு, ஆளுக்கு மூவாயிரத்துக்குள்.

2019 பொங்கல் முடிந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய் இறங்கினோம். கப்பலின் அடித்தட்டில் வரிசை வரிசையாக இரண்டடுக்குப் படுக்கைகள். பாதிப் பேர் பொங்கலுக்கு ஊர் வந்து திரும்பும் அந்தமான் தமிழர்கள். ராமநாதபுரம் பக்கத்து அக்கா ஒருவர் எங்களைப் பார்த்ததும் புதுசு என்று கண்டுகொண்டார். "மாத்திரையை இப்பவே போட்டுருங்கண்ணே. வாந்தி வந்த பிறகு போட்டா நிக்காது" என்றார். அப்பா தான் கொண்டுவந்த சுக்கை நம்பினார். முதல் ராத்திரி முழுக்கப் படுத்தே கிடந்தார். மறுநாள் காலை மாத்திரை போட்டார்.

கப்பலில் போன அந்த மூன்று நாட்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. பணம் இல்லாததால் கிடைத்தவை அவை. கப்பலில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. கேன்டீனில் கூப்பன் வாங்கிச் சாப்பிட வேண்டியது, மேல்தட்டுக்குப் போய் உட்கார வேண்டியது. கரை மறைந்த பிறகு தண்ணீரின் நிறம் நீலத்தைத் தாண்டிக் கறுப்புக்குப் போய்விடுகிறது. காலாபானி, அதாவது கறுப்புத் தண்ணீர், என்று ஏன் சொன்னார்களோ, கண்ணால் பார்க்கும்போது அந்தப் பெயர் பொருந்துகிறது. இரண்டாம் நாள் கப்பல் முனையிலிருந்து சின்னச் சின்னதாக ஏதோ சிதறிப் பறந்தன. குருவி என்றார் அப்பா. "குருவி இல்லண்ணே, பறவைக்கோலா. மீனு" என்றார் அந்த அக்கா. அப்பா அன்று முழுக்க அந்த மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் காபிப் பழ மூட்டைகளை எண்ணி நோட்டில் எழுதிய அதே முகம்.

பொழுது சாய்கிற நேரத்தையும் அவர்தான் குறித்தார். கப்பலில் நம்முடைய கடிகாரம்தான், ஆனால் நாம் கிழக்கே போய்க்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு நாளும் சூரியன் சுமார் கால் மணி நேரம் முன்னதாக இறங்கியது. சேலத்தில் ஜனவரிக் கடைசியில் ஆறே கால் மணிக்கு மேல்தான் பொழுது சாயும். போர்ட் பிளேயரில் ஐந்தே கால் மணி வாக்கிலேயே சாய்ந்துவிடுகிறது. தீர்க்கரேகையில் பதினான்கரை டிகிரி வித்தியாசம், ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மெஸ் கூப்பனின் பின்பக்கத்தில் எழுதிய அந்தக் கணக்கு இன்னும் அவர் டைரியில் இருக்கிறது.

தைப்பூசத்தன்று காலை கரை தெரிந்தது. சாயங்காலம் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கே தமிழைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. மூன்று நாள் கடல் தாண்டி வந்தும் அப்பா பூசாரியிடம் "சேலங்க" என்று ஊரைச் சொல்லிக்கொண்டார்.

குறைந்த செலவில் போக நினைப்பவர்களுக்கு: போர்ட் பிளேயரில் கால் வைத்ததும் சுற்றிப்பார்க்கக் கிளம்பாதீர்கள், நேராக ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் போங்கள். தீவுகளுக்கு இடையே ஓடும் அரசுப் படகுகளுக்கு அங்கேதான் நாங்கள் டிக்கெட் எடுத்தோம். கவுண்டர் திறக்கும் முன்பே வரிசை நின்றது. அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும். போர்ட் பிளேயரிலிருந்து நீல், நீலிலிருந்து ஹேவ்லாக், ஹேவ்லாக்கிலிருந்து போர்ட் பிளேயர் என்று முக்கோணமாக எடுத்தால் ஒரே வழியில் இரண்டு தடவை போக வேண்டியதில்லை. நாங்கள் போனபோது தனியார் படகில் ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள், அரசுப் படகில் அதில் பாதிகூட ஆகவில்லை. தனியார் படகில் பெரும்பாலும் ஏசி அறைக்குள் உட்கார்ந்தே போக வேண்டும். அரசுப் படகில் மேல்தட்டில் நின்று காற்று வாங்கலாம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டும் ஒரே விலை என்றாலும் நான் அரசுப் படகில்தான் ஏறுவேன்.

அப்போது தீவுகளின் பெயரை மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீல் ஷஹீத் த்வீப் ஆகியிருந்தது, ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப். படகுத்துறையில் எல்லாரும் பழைய பெயரையே சொன்னார்கள். பின்னால் 2024-ல் போர்ட் பிளேயரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது.

நீல் தீவுக்கு இரண்டு மணி நேரம். கிராமங்களுக்கு ராமாயணப் பெயர்கள்: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். 1960-களில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளைக் குடியேற்றிய தீவு. உள்ளே போனால் கடல் இருப்பதே மறந்துபோகும். எங்கு பார்த்தாலும் காய்கறி வயலும் வாழையும் பாக்கு மரமும். அறுநூறு ரூபாய்க்கு ஒரு மூங்கில் குடிசை கிடைத்தது. வாடகை சைக்கிள் இரண்டு எடுத்தோம். அப்பா வழியில் ஒரு விவசாயியிடம் இறங்கி, மொழி தெரியாமலே, பாக்கு மரத்தில் மிளகுக் கொடி ஏற்றலாமே என்று கையை ஆட்டிப் பேசினார். அந்த ஆள் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஏற்கெனவே ஏற்றியிருந்த கொடியைக் காட்டினார். இருபது நிமிடம் இருவரும் அந்தக் கொடியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள்.

மலைக்காரர்களான எங்களுக்குத் தெரியாத ஒன்று ஓதம். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் என்பதால் வற்று பலமாக இருந்தது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலை நான்கு மணிக்குப் பாறைத் தரை. லட்சுமண்பூர் பக்கம் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றின்போது மட்டும்தான் நடந்து போக முடியும். பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டைகளும், வரி போட்ட குட்டி மீன்களும், சங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நண்டுகளும் இருந்தன. கோயில் தரை போல இருக்கிறது என்று அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். செத்த பவளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி. குதிகாலில் நல்ல வெட்டு. என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டிக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தேன். கட்டாயம் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். பவளத்தையோ சங்கையோ எடுத்து வரக் கூடாது, விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிறார்கள்.

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு என்று போனோம், மூன்றானது. காற்று பலமாக வீசியதால் எங்கள் படகை நிறுத்திவிட்டார்கள். அன்றைய அறை வாடகை நான் கணக்கில் வைக்காத பணம். ஸ்நார்க்கெலிங் காசை அதற்குக் கொடுத்தேன். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த உபரி நாளில்தான் ராதாநகர் கடற்கரையில் மதியம் முழுக்க உட்கார்ந்தோம். மணலை ஒட்டியே நூறடி உயர மரங்கள். காயம்பட்ட காலை நீட்டிக்கொண்டு, தோட்டத்தில் சேர்ந்த முதல் வருடத்தைப் பற்றியும், அம்மாவைப் பெண் பார்க்க மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்ததைப் பற்றியும் அப்பா சொன்னார். முப்பத்து நான்கு வயதில் அவற்றை முதல் தடவையாகக் கேட்டேன்.

மூன்று நாள் போன தூரத்தை விமானம் இரண்டு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. அப்பா ஜன்னல் வழியே கப்பல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ரயில், கப்பல், படகு, விமானம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு 28,400 ரூபாய். இப்போது கட்டணங்கள் கூடியிருக்கும், ஆனால் வழி அதேதான்.

போன மாதம் பகோடா பாயிண்ட்டுக்குப் போயிருந்தோம். சில்வர் ஓக் மரங்களின் மேல் இன்னும் வெயில் இருந்தது. அப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "அங்க இப்ப இருட்டிருச்சு கண்ணு" என்றார். அப்புறம், லிட்டில் அந்தமானுக்கு அரசுப் படகு எத்தனை மணி நேரம் என்று கேட்டார்.