செவலைக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்.

தெருநாய கம்பியால அடிச்சு கால ஒடைச்ச ஆளு மேல கேஸ் போட முடியுமான்னு தெரிஞ்சவங்க நெறைய பேரு கேக்குறாங்க. போடலாம், நாங்க போட்டோம். ஆனா ஸ்டேஷன்ல போய் நின்னு அழுது பொலம்புனா ஒண்ணும் நடக்காது, கையில பேப்பர் இருக்கணும், அது என்னென்ன பேப்பருன்னு அலைஞ்சு திரிஞ்சுதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு, அதான் எழுதுறேன்.

எங்க ஏரியா மதுரைல வைகைக்குத் தெக்க, அதுக்கு மேல பேரு வேணாம். செவல எங்க தெரு நாய். கார்ப்பரேஷன்ல புடிச்சுட்டுப் போயி கருத்தடை பண்ணி ஊசி போட்டுத் திரும்ப விட்டது, காதுல அதுக்கான வெட்டு இருக்கும். எங்கம்மா வைக்கிற மிச்ச சோறு, டீக்கடை வர்க்கி, இதான் அதுக்கு சாப்பாடு. பக்கத்து சந்துல ஒருத்தரு புதுசா கார் வாங்கிருந்தாரு. டயர்ல ஒண்ணுக்கு அடிக்குது, பையன் சைக்கிள்ல போனா தொரத்துதுன்னு ரொம்ப நாளா சத்தம் போட்டுட்டே இருந்தாரு. ஒரு மத்தியானம் வெயிலுக்கு அந்தக் காருக்கு அடியில படுத்திருந்தத வெளிய இழுத்து இரும்பு பைப்பால பின்னங்கால்ல போட்டுட்டாரு.

அடிபட்ட நாய் சோறு போட்ட கையவே கடிக்கும், அது கோவம் இல்ல வலி. அதனால தூக்குறதுக்கு முன்னாடி வாயக் கட்டணும். துண்ட நீளமா மடிச்சு மூஞ்சிக்கு மேல ஒரு சுத்து, தாடைக்குக் கீழ ஒரு முடிச்சு, ரெண்டு முனையையும் காதுக்குப் பின்னாடி கொண்டு போய்க் கட்டணும், மூக்கு ஓட்டைய அமுக்கிறக் கூடாது, வாந்தி எடுத்துட்டு இருந்தா கட்டவே கூடாது. அப்பறம் பலகைல வச்சுத்தான் தூக்கணும், காலப் புடிச்சுத் தூக்குனா ஒடைஞ்ச எலும்பு சதைக்குள்ள குத்திரும். ஆட்டோக்காரவங்க ஏத்த மாட்டேன்னுட்டாய்ங்க, தண்ணி கேன் போடுற தம்பியோட குட்டியானைல வச்சு ஆத்தைத் தாண்டி தல்லாகுளம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோரிப்பாளையம் சிக்னல்ல நின்ன நேரந்தான் எனக்கு உசுரே போச்சு.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வண்டி அடிபட்டுச்சா இல்ல ஆளு அடிச்சதான்னு. நாங்க சொல்றத அப்பிடியே எழுதிக்கல. தொடை முடிய மெஷினால வழிச்சுப் பாத்தாரு. தோல்ல ரெண்டு செவப்புக் கோடு, நடுவுல வெளுப்பா, தண்டவாளம் மாதிரி. உருண்டையான கம்பி பலமா விழுந்தா அடி விழுந்த எடத்துல ரத்தம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி இப்பிடித்தான் கோடு விழுமாம், வண்டி அடிச்சு இழுத்துருந்தா சிராய்ப்பும் மண்ணுமா இருந்திருக்கும்னாரு. எக்ஸ்ரேல தொடை எலும்பு முறிஞ்சது தெளிவாத் தெரிஞ்சுச்சு. அவரு எழுதிக் குடுத்த ஊண்டு சர்டிபிகேட்தான் (காயத்துக்கான சான்று) கேஸுக்கே முதுகெலும்பு. வெறும் ஓ.பி. சீட்டோட வந்துறாதீங்க, என்ன காயம், எதால ஆயிருக்கலாம்னு ரெண்டும் எழுதி சீல் போட்டு வாங்குங்க. முடி வழிச்ச எடத்த போன்லயும் எடுத்து வச்சுக்கங்க, நாளாக நாளாக கோடு மங்கிரும்.

ஸ்டேஷன்ல ஏட்டய்யா சிரிச்சாரு. "ஏப்பா, மனுசனுக்கே இங்க கேஸ் போட ஆளில்ல, நாய்க்கு வந்துட்டியா? ஓனர் யாரு?"ன்னாரு. தெருநாய்க்கு ஓனர் கிடையாது, பிராணி வதைத் தடைச் சட்டத்துல பொகார் குடுக்க ஓனரா இருக்கணும்னும் கிடையாது, அத சொன்னோம். ரைட்டர் கொஞ்சம் வெவரமான ஆளு, புக்கத் தூக்கிப் பாத்துட்டு, 1960 சட்டம் 11வது பிரிவுல அடிச்சா மொத தடவைக்கு அபராதம் பத்து ரூவால இருந்து அம்பது ரூவா வரைக்குந்தான், அதுவும் பெரும்பாலான உட்பிரிவுக்கு கோர்ட் உத்தரவு இல்லாம நாங்களா கேஸ் எடுக்க முடியாதுன்னாரு. அவரு சொன்னது சரிதான். ஒரு பரோட்டா செட்டுக்குக் காணாத அபராதம், அறுபது வருசத்துக்கு மேலயும் அப்பிடியே கெடக்கு. இத்தனைக்கும் இந்தச் சட்டம் வர ராஜ்யசபால மொதல்ல மசோதா கொண்டாந்து போராடுனது நம்ம மதுரைல பொறந்த ருக்மிணி தேவி அருண்டேல். டான்ஸுக்குத்தான் அவங்கள எல்லாருக்கும் தெரியும், பிராணி நல வாரியத்துக்கு மொத தலைவரும் அவங்கதான். அவங்க ஊர்லயே ஏட்டு சிரிக்கிறாரு.

கை குடுத்தது வேற சட்டம். பழைய ஐ.பி.சி.க்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதால 325வது பிரிவு, மிருகத்தக் கொன்னாலோ, வெசம் வச்சாலோ, ஊனமாக்குனாலோ அஞ்சு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி அபராதம், இல்லாட்டி ரெண்டும். பழைய ஐ.பி.சி. 428ல பத்து ரூவா மதிப்புள்ள மிருகம், 429ல அம்பது ரூவான்னு கணக்கு இருந்துச்சு, தெருநாய்க்கு என்ன வெலைன்னு மடக்குவாய்ங்க. இப்ப அந்த வெலைக் கணக்கே இல்ல. போலீஸ் நேரடியா எஃப்.ஐ.ஆர். போடலாம். மனுவுல நாங்களே 325ன்னு எழுதி, கூடவே 11வது பிரிவையும் சேத்துக் குடுத்தோம்.

அப்பயும் மொதல்ல சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது மனு வாங்கிக்கிட்டோம்ங்கிற சீட்டுதான் குடுத்தாய்ங்க. அத வாங்கிட்டுத்தான் நகரணும், மனுவ வச்சுட்டுப் போங்கன்னு சொன்னா கேக்காதீங்க. எதிர்த்தரப்புல ஒரு கட்சிக்காரரு வந்து பேசிப் பாத்தாரு, ஆஸ்பத்திரி செலவ வாங்கிட்டு விட்ருங்கன்னு. நாங்க விடல, கமிஷனர் ஆபீஸுக்கு பதிவுத் தபால்ல மனு போட்டோம், ஸ்டேஷன்ல எடுக்கலைன்னா மேலதிகாரிக்குத் தபால்ல அனுப்பலாம்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173வது பிரிவுலயே இருக்கு. அதுக்கப்பறம் எஸ்.ஐ. மேடமே கூப்ட்டு விட்டாங்க, ஸ்பாட்டுக்கு வந்து மகஜர் (நேர்ல பாத்தத எழுதுற பதிவு) எழுதி, பைப்ப எடுத்துட்டுப் போனாங்க. பைப்பு அவரு வீட்டு மாடிப்படிக்கு அடிலயே கெடந்துச்சு, ஒளிச்சு வைக்கணும்னுகூட அவருக்குத் தோணல.

பெரிய தலைவலி மளிகைக்கடை கேமராதான். எல்லாம் பதிவாகிருக்கு, ஆனா அந்த மெஷின்ல பழசு அழிஞ்சு புதுசு ஏறிட்டே இருக்கும், அதனால அன்னைக்கு சாயந்திரமே பென்டிரைவ்ல ஏத்திட்டோம். அது மட்டும் பத்தாது, கோர்ட்ல வீடியோ செல்லணும்னா புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட் வேணும், கேமரா யாரு பொறுப்புல இருக்கோ அவரும், கூட ஒரு நிபுணரும் கையெழுத்துப் போடணும். கடைக்கார அண்ணே, "தம்பி, அவரும் எங்கிட்டதான் அரிசி வாங்குறாரு, எனக்கு எதுக்குய்யா வம்பு"ன்னு கை கழுவுனாரு. கடைசில எங்கம்மா போயி கல்லாகிட்ட நின்னு, "ராத்திரி ஒங்க ஷட்டர்ல எவனோ கை வச்சப்ப கொலச்சு ஊரக் கூட்டுனது யாருய்யா?"ன்னு கேக்கவும் மனுசன் பேசாம பேனாவ எடுத்துட்டாரு.

அடிச்சவரப் பத்தியும் சொல்லணும். அவரு ராட்சசன்லாம் இல்ல. பையனத் தொரத்துச்சுன்னு பயந்தது உண்மை, அந்தப் பயத்த நாங்க யாரும் காதுலயே வாங்கலைங்கிறதும் உண்மை. 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட், கருத்தடை, தடுப்பூசி ஆன நாய (வெறிநாய், ரொம்ப மூர்க்கமானது தவிர) எடுத்த எடத்துலயே விடணும், ஆனா ரோட்டுல கண்ட எடத்துல சோறு போடக் கூடாது, அதுக்குன்னு எடம் ஒதுக்கணும்னு சொல்லிருக்கு. அவரு பொகார கார்ப்பரேஷனுக்குக் குடுத்துருந்தா நாங்களே கையெழுத்துப் போட்டுருப்போம். இப்ப சோத்து வட்டிலைத் தெருமுக்குக் காலி எடத்துக்கு மாத்தியாச்சு, சந்துக்குள்ள நாய் நடமாட்டம் நெசமாவே கொறைஞ்சுருச்சு.

அவருக்கு ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்து விட்டாய்ங்க, 325 பெயிலபிள்தான், அன்னைக்கே உள்ள போயிருவாருன்னு எதிர்பாக்காதீங்க. இன்னொண்ணு, 1960 சட்டத்துக்கு மட்டும் கெடு இருக்கு, சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகலைன்னா அது செல்லாது, ஸ்டேஷன்ல இழுத்தடிச்சா இத ஞாபகப்படுத்துங்க. எஃப்.ஐ.ஆர். காப்பி பொகார் குடுத்தவருக்கு ஃப்ரீ, போலீஸ் வெப்சைட்லயும் எடுத்துக்கலாம்.

செவலைக்கு ஆபரேஷன் பண்ணி கம்பி வச்சாச்சு, காலத் தரையில ஊனுது, ஓட்டந்தான் பழையபடி இல்ல. கேஸ் நடந்துட்டு இருக்கு. சாட்சிக்கு சம்மன் வந்தா கடைக்கார அண்ணனும் கோர்ட்டுக்கு வரணும், அன்னைக்கு கடைய யாரு பாக்குறதுன்னு இப்பவே எங்கம்மாகிட்ட சண்டைக்கு நிக்கிறாரு.