சண்டேசர் சிற்பத்தின் முன்னால்

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகலாம் என்று சொன்னது என் மனைவிதான். "அங்கே கூட்டம் இருக்காதுங்க. ஓடுறதுக்குப் புல்தரையும் இருக்கு." நாங்கள் கோயிலுக்குப் போவதையே நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு நாலைந்து வார்த்தைதான். நமக்கு வெறும் சத்தமாக இருப்பது அவனுக்கு வலி. கடைசியாகப் போன கோயிலில் தீபாராதனை நேரத்தில் மின்சார மேளம் திடீரென்று முழங்கியது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து அலறினான். "பிள்ளையை அடக்கி வளர்க்கக் கூடாதா?" என்றார் ஒருவர். "தம்பி, இது பயந்த கோளாறு, மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுப்பா" என்றார் ஒரு பாட்டி. அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று நான் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன். அதற்கு முன் அவனை அடித்ததே இல்லை.

இந்த முறை ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தோம். கார், கோயில் விமானம், நந்தி, சாமி, புல்தரை, வீடு என்று ஆறு படங்களை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, தினமும் தூங்கும் முன் காட்டினோம். அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி பயம் போய்விடும். கடைசிப் படம் வீடாக இருக்க வேண்டும், அது முக்கியம். சத்தத்தைத் தடுக்கும் ஹெட்போன், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சட்டை, டப்பாவில் தயிர்சாதம். கல் சூடேறினால் வெறுங்காலோடு நடக்கவே மாட்டான். அதனால் கும்பகோணத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, அணைக்கரை வழியாகப் போய், ஏழு மணிக்குள் கோயில் வாசலில் நின்றோம். ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று இங்கே கால் வைக்க இடமிருக்காது. இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் குருவிச் சத்தம் மட்டும்தான்.

மனைவி முன்னால் போய் குருக்களிடம் விஷயத்தைச் சொன்னாள். "மணியை மெல்லத்தான் ஆட்டுவேன் அம்மா, பயப்படாம கூட்டிண்டு வாங்கோ" என்றார் அவர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. பார்த்தால் வெளியே தெரியாத ஒன்று என்பதால்தான் வாய் வருவதில்லை.

ராஜேந்திர சோழன் தன் கங்கை வெற்றிக்குப் பிறகு எழுப்பிய கோயில் இது. நீண்ட மண்டபத்தின் கோடியில் ஏறத்தாழ 13 அடி உயர லிங்கமாகப் பிரகதீஸ்வரர். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. மகனுக்கு அது பிடித்துவிட்டது. ஒரு தூணில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றான். கற்பூரம் காட்டி முடியும்வரை அப்படியே நின்றான். அவன் சாமி கும்பிட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வடக்கு வாசல் படிக்கட்டுப் பக்கம் வந்தோம். அங்கேதான் அந்தச் சிற்பம். உமையோடு அமர்ந்த சிவன், கீழே கைகூப்பி இருக்கும் சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிறார். சேய்ஞலூரில் மாடு மேய்த்த விசாரசருமன்தான் அவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் பிடித்து, பாலூற்றித் தன்னை மறந்திருந்த பிள்ளை. பாலை வீணாக்குகிறான் என்று ஊரார் புகார் சொன்னார்கள். அப்பா எச்சதத்தன் வந்து முதுகில் கோலால் அடித்தார். பிள்ளைக்கு அது தெரியவே இல்லை. பிறகு பால்குடத்தை உதைத்த அப்பாவின் காலைப் பிள்ளை வெட்டியதும், இனி உனக்கு நானே அப்பன் என்று சிவன் அவனை எடுத்துக்கொண்டதும் தெரிந்த கதை. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எச்சதத்தன் பக்கம் நின்று கேட்டதில்லை. ஊரார் பேச்சு, முதுகில் அடி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியதை மனைவி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கிப் படியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு குடும்பம் படியேற வந்தது. வழக்கமாக நான் அதைக் கலைத்துவிட்டு அவனை இழுத்துக்கொள்வேன். "கொஞ்சம் ஓரமா போறீங்களா ஐயா, பையன் அடுக்கிட்டிருக்கான்" என்றேன். முன்னால் வந்த பெரியவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினார்.

பத்து மணிக்குக் கல் சுட ஆரம்பித்தது. அவனே பையிலிருந்து அட்டையை எடுத்து, கடைசிப் படத்தின் மேல் விரலை வைத்தான். கிளம்பினோம்.