அலாஸ்காக் கப்பல் பயணத்துக்கு எந்த மாதம்?

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக எது நல்ல காலம் என்று யாரைக் கேட்டாலும் ஜூன், ஜூலை என்ற விடைதான் வருகிறது. குளிர் குறைவு, பகல் நீளம் என்பதால் சொல்லப்படும் அந்த விடையில் பிழை இல்லை. ஆனால் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்காமலே அதைச் சொல்லிவிடுகிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, வருகிற கோடையில் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு குடும்பமாக ஒரு வாரக் கப்பல் பயணம் போக வேண்டும் என்று சொன்னதிலிருந்து, ஹற்றனில் இருந்தபடி நான் இதைப் பற்றியே படித்து வருகிறேன். அந்தக் கரையில் காலத்தை நடத்துவது மீன்கள்தான் என்பதும், அவை வரும் நேரத்தைப் பார்த்து மாதத்தைத் தெரிவு செய்தால்தான் விலங்குகள் கண்ணில் படும் என்பதும் இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

பயணக் கப்பல்கள் ஏப்ரல் கடைசியில் ஓடத் தொடங்கி ஒக்டோபரில் நின்றுவிடுகின்றன. பெரும்பாலானவை வான்கூவரிலிருந்தோ சியாட்டிலிலிருந்தோ புறப்பட்டு, தீவுகளுக்கு இடையிலான நீர்வழியாக வடக்கே ஏறி, கெச்சிக்கன், ஜூனோ, ஸ்காக்வே போன்ற சிறு துறைமுகங்களில் நின்று, ஒரு பனியாறு கடலைத் தொட்டு முடியும் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும். குளிரை நினைத்து மலையகத்தில் யாரும் பயப்படத் தேவையில்லை. ஜூலையில் ஜூனோவின் பகல் வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவிலும் இரவு 10 பாகை அளவிலும் இருக்கும் என்பதால், நுவரெலியாவில் வாழ்ந்தவருக்கு அது பழகிய குளிர்தான். பனியாற்றுக்கு முன்னால் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது வீசும் காற்றுக்குத்தான் தடித்த உடுப்பு வேண்டும்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாதத்தைத் தெரிவு செய்பவர்களை அதிகம் குழப்புவது அதுதான். கெச்சிக்கனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அதே நீர்வழியின் வடக்கு முனையில், மலைகளுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் ஸ்காக்வேயில் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பெய்கிறது. தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும் வட்டவளையையும், அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும் வெலிமடையையும் அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை: கடலைப் பார்த்து நிற்கும் மலைச்சரிவு நனையும், முதுகுப்புறம் காயும். ஆகவே அலாஸ்காவில் மழை எப்போது என்று கேட்பதோடு நிற்காமல், எந்தத் துறைமுகத்தில் மழை என்றும் கேட்க வேண்டும். பொதுவாக மே, ஜூன் மாதங்களில் மழை குறைவு. ஓகஸ்ட் முழுவதும் ஏறிக்கொண்டே போய், செப்டெம்பர், ஒக்டோபரில் உச்சத்தைத் தொடும். இதை அம்மாவிடம் சொன்னபோது, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையிலேயே கொழுந்து பறித்தவளுக்கு, கப்பலில் நின்று மழையைப் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டார். எங்கள் கணக்கிலிருந்து மழை அப்போதே நீங்கிவிட்டது.

மழை ஒரு பொருட்டல்ல என்றானதும் மே, ஜூன் மாதங்களுக்கு இருந்த பெரிய சாதகம் குறைந்துவிடுகிறது. ஆனாலும் அந்த மாதங்களுக்கு உரிய அழகு வேறு எந்த மாதத்துக்கும் கிடையாது. மலைகளின் இடைவரை பனி இறங்கி நிற்கும். அது உருகத் தொடங்குவதால் பாறைகளெங்கும் அருவிகள் இறங்கும். ஜூன் 21 ஐ ஒட்டிய நாட்களில் ஜூனோவில் பகல் 18 மணித்தியாலத்துக்கும் மேல் நீளும் என்பதால், இராச்சாப்பாட்டுக்குப் பிறகும் தளத்தில் நின்று கரையைப் பார்க்கலாம். மே கடைசியிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை, பனியாறுகளிலிருந்து உடைந்து மிதக்கும் கட்டிகளின் மேல் சீல்கள் குட்டி ஈனுகின்றன. கரடிகளும் இருக்கும், ஆனால் ஓடைகளில் மீன் இன்னும் நிறையாததால், அவை கடலோரப் புல்வெளிகளில் ஆங்காங்கே கோரைப்புல்லைத் தின்றுகொண்டு சிதறித் திரியும். மலைக்காட்சியைப் படம் எடுக்கப் போகிறவர் என்றால் ஜூன் முதல் பாதியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்றே நான் சொல்லுவேன். கட்டணமும் மே மாதத்தில் ஜூலையைவிடக் குறைவாக இருக்கும்.

திமிங்கிலங்களுக்காக மாதத்தை அதிகம் ஆராயத் தேவையில்லை. ஹம்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் குட்டி ஈன்றும் அநேகமாக எதையும் உண்ணாமலும் கழித்துவிட்டு, 4,000 கிலோமீற்றருக்கும் மேல் நீந்தி வசந்தத்தில் இங்கு வருகின்றன. நீண்ட பகலில் மிதவையுயிர்கள் எனப்படும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன ஹெரிங் மீன்கள் கூடும், ஹெரிங்கைத் தின்னத் திமிங்கிலங்கள் கூடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை எந்த வாரத்தில் போனாலும் ஜூனோவுக்கு அருகிலோ ஐஸி நீரிணையிலோ அவற்றைக் காணும் வாய்ப்பு மிக அதிகம். சில வேளைகளில் அவை கூட்டாக வேட்டையாடும்: ஆழத்தில் வட்டமாக நீந்தியபடி மூச்சுக் குமிழிகளை விட, அந்தக் குமிழிச் சுவருக்குள் ஹெரிங் கூட்டம் நெருங்கி ஒடுங்க, நீர்மட்டத்தில் ஒரு வளையம் வெளுத்துத் தெரிந்து, கடற்பறவைகள் அதன் மேல் பாய்ந்த மறுகணம், எல்லாத் திமிங்கிலங்களும் திறந்த வாயுடன் ஒரே நேரத்தில் மேலே எழும்பும். எந்த நாளில் இது நடக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

கரடிகளின் விடயத்தில்தான் மாதம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கரடிகளின் முக்கிய இரையான சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஓடைகளில் ஏறி வருகின்றன; ஆனால் எல்லா வகைகளும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ராஜ சால்மன் மே, ஜூனில் வருகிறது. ஓர்காக்கள் எனப்படும் கொலையாளித் திமிங்கிலங்கள் அதைத் தின்ன அதன் பின்னால் வருகின்றன. சொக்கை சால்மன் ஜூன், ஜூலையில் வருகிறது. கூட்டங்கூட்டமாகச் சிற்றோடைகளை நிறைக்கும் இளஞ்சிவப்புச் சால்மனும் சம் சால்மனும் ஜூலைக் கடைசியிலும் ஓகஸ்டிலும் வருகின்றன. கோஹோ சால்மன் செப்டெம்பரிலும் ஏறிக்கொண்டிருக்கும். ஜூலைக் கடைசியில்தான் கரடிகள் புல்லை விட்டுவிட்டு ஓடைக்கரைக்கு வருகின்றன. கெச்சிக்கனுக்குப் பக்கத்தில் கருங்கரடிகளையும், ஜூனோவுக்கு அருகிலுள்ள அட்மிரல்ட்டித் தீவில் பழுப்புக் கரடிகளையும் அப்போது பார்க்கலாம். மீன் மிகுந்து கிடக்கும் நாட்களில் கரடி ஒரு மீனை முழுதாக உண்பதில்லை; கொழுப்பு நிறைந்த மூளையையும் சினையையும் தின்றுவிட்டு, மிச்சத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்த மிச்சத்தை வெண்தலைக் கழுகுகளும் காகங்களும் எடுத்துக்கொள்ள, அழுகியது மண்ணோடு கலந்து கரையோர மரங்களுக்கு உரமாகிறது. கடலில் வளர்ந்த மீனின் சத்து காட்டு மரத்தின் உடலில் ஏறுவதை ஆய்வாளர்கள் நைதரசனை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு காடு உயிரோடு இயங்குவதைப் பார்க்க விரும்புகிறவர் ஓகஸ்டின் மழையை மனமுவந்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

செப்டெம்பரைப் பயனற்ற காலம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. கிளேசியர் பே தேசியப் பூங்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் என்ற நீள்குடா இருக்கிறது. சீல்களின் குட்டிகளைக் காப்பதற்காக மே 1 முதல் ஓகஸ்ட் 31 வரை அதற்குள் பயணக் கப்பல்கள் நுழையக் கூடாது. செப்டெம்பரில்தான் அவை உள்ளே போகலாம். இரவுகளும் இருண்டுவிடுவதால், மேகம் விலகினால் வடதுருவ ஒளி தெரியும். நள்ளிரவிலும் வானம் முழுதாக இருளாத ஜூனில் அதற்கு இடமே இல்லை. நான் தனியாகப் போவதாக இருந்தால் செப்டெம்பர் முதல் வாரத்தையே தெரிவு செய்வேன். ஆனால் அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலில் அப்போது அலை கூடும். பேருந்திலேயே தலைசுற்றும் முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் அதை யோசிக்க வேண்டும்.

மாதத்தோடு வழியையும் பார்க்க வேண்டும். கிளேசியர் பேக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணக் கப்பல்களுக்குத்தான் அனுமதி உண்டு. ஆகவே எல்லாக் கப்பல்களும் அங்கே போவதில்லை. 1794 இல் ஆங்கிலேயக் கடலோடி ஜோர்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது அந்தக் குடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றது; 1879 இல் இயற்கை ஆய்வாளர் ஜோன் மியூர் வந்தபோது அது 60 கிலோமீற்றருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. பனி விலகிய இடத்தில் பாசியும் புதரும் காடும் வரிசையாக ஏறி வந்திருப்பதை ஒரே பகலில் கப்பலிலிருந்தே காணலாம் என்பதால், கிளேசியர் பே இல்லாத பயணத்திட்டங்களை நான் ஒதுக்கிவிட்டேன். வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பல்கள் தீவுகளின் மறைவில் அமைதியான நீரில் போகின்றன; சியாட்டில் கப்பல்களில் பல வான்கூவர்த் தீவின் வெளிப்புறமாகத் திறந்த கடலில் போகின்றன. அம்மாவுக்கு வான்கூவரே பொருந்தும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஓகஸ்ட் நடுப்பகுதி என்று முடிவெடுத்திருக்கிறோம். தங்கச்சியின் பிள்ளைகளுக்குப் பாடசாலை செப்டெம்பரில்தான் திறக்கும்; எனக்கும் ஓகஸ்ட் தவணை விடுமுறை உண்டு. சின்னவனுக்குக் கரடி வேண்டும், அம்மாவுக்கு ஐஸ் மலை வேண்டும், இரண்டும் அந்த வாரத்தில் கிடைக்கும். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் கிடைக்காது என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஒரு விடயம். வான்கூவரில் ஏறி வான்கூவரில் இறங்கினாலும் நடுவில் நிற்பது அமெரிக்க மண் என்பதால், கனடா வீசா, அமெரிக்க வீசா இரண்டும் வேண்டும். கனடா வீசா மீண்டும் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கனடாக் குடியுரிமை உள்ள தங்கச்சிக்கு இந்தச் சிக்கல் இல்லாததால் அவர் உடனே பதிவு செய்யச் சொல்கிறார். ஆனால் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் புறப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்பே முழுப் பணத்தையும் கேட்கின்றன. ஆகவே திருப்பித் தரக்கூடிய முற்பணத்தை மட்டும் இப்போது கட்டிவிட்டு, கொழும்பில் எங்கள் இருவரின் நேர்முகத்தேர்வும் முடிந்து வீசா கைக்கு வந்த பிறகே மிச்சத்தைக் கட்டுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.