ஊசியே இல்லாத 26 வாரங்கள்

சிவகாசியில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வண்ணம் சரிபார்ப்பது என் வேலை. 2025 ஏப்ரலில் தொடங்கிய இருமல் காகிதத் தூசியால் வந்தது என்றே நானும் வீட்டாரும் எண்ணினோம். தனியார் மருத்துவர் ஒருவர் லெவோஃப்ளாக்சசின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்தாறு நாட்களில் இருமலும் மாலைக் காய்ச்சலும் தணிந்தன. மாத்திரை முடிந்த பத்தாம் நாள் இரண்டும் திரும்பி வந்தன. மீண்டும் அதே மாத்திரை தரப்பட்டது, மீண்டும் அதே போல நடந்தது. அந்த வகை மருந்து காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் என்பதால் நோய் வெளியே தெரியாமல் பதுங்கிவிடுகிறது என்பதும், அதை மட்டும் தனியாக, இடைவெளி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அதற்கும் பழகிவிடக்கூடும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் வேறு எந்த மாத்திரைக்கும் முன்னால் சளியைப் பரிசோதிக்கக் கொடுத்துவிடுங்கள் என்று இதைப் படிப்பவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் தொடக்கத்தில் எட்டுக் கிலோ எடை குறைந்த பிறகே அரசு மருத்துவமனைக்குப் போனேன். காலையில் கொடுத்த சளியை சிபிநாட் கருவியில் வைத்தார்கள். கிருமியின் மரபணுவை நேரடியாகத் தேடும் அந்தக் கருவி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரண்டு விடைகளைச் சொல்லிவிடுகிறது: காசநோய் இருக்கிறதா, இருந்தால் ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்கு அது அடங்குமா? எனக்கு நோய் இருந்தது. ரிஃபாம்பிசினுக்கு அது அடங்காது என்றும் வந்தது.

மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று மருத்துவர் சொன்னதும் எனக்கு என் சித்தப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. 2012இல் அவருக்கும் இதே நோய் வந்தது. அன்றைய சிகிச்சை இரண்டு ஆண்டுகள் நீண்டது. முதல் ஆறு மாதங்களுக்கும் மேலாகக் கானமைசின் ஊசி போட்டுக்கொண்டார். நோய் குணமானது, ஆனால் காது போய்விட்டது. இன்றும் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். அந்த வகை ஊசிகள் உட்செவியின் மென்மயிர் உயிரணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை.

"இப்போ ஊசி கிடையாது. நாலு மருந்து, ஆறு மாசம்" என்று மருத்துவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்த இந்தச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. நான்காவதான மாக்சிஃப்ளாக்சசின், நான் அரைகுறையாக விழுங்கிய லெவோஃப்ளாக்சசினின் நெருங்கிய உறவு மருந்து என்பதால், அதற்கும் என் கிருமி பழகிவிட்டதா என்று எல்.பி.ஏ. என்ற மரபணுப் பரிசோதனையில் பார்த்தார்கள். பழகவில்லை என்று முடிவு வரும்வரை நான் சரியாக உறங்கவில்லை.

பெடாகுயிலின் 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, காசநோய்க்கென நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் புதுவகை மருந்தாக இருந்தது. கிருமி தனக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கும் நொதியையே அது முடக்குகிறது. அதன் மீதான காப்புரிமையை நீட்டிக்கக் கோரிய விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அந்த விண்ணப்பத்தை எதிர்த்து மனுச் செய்தவர்களில் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் உண்டு. இருவருமே காசநோய் சிகிச்சையின் ஊசியால் கேட்கும் திறனை இழந்தவர்கள். சித்தப்பாவிடம் இதை எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு உண்மையான அச்சம் மூன்றாவது மருந்தான லினெசோலிட் மீதுதான் இருந்தது. நீண்டகாலம் சாப்பிட்டால் அது இரத்த உற்பத்தியைக் குறைக்கும், கை கால் நரம்புகளைப் பாதிக்கும், அரிதாகப் பார்வை நரம்பையும் தொடும். பார்வை நரம்பு பாதிக்கப்படும்போது பெரும்பாலும் முதலில் மங்குவது நிறங்கள்தான். அச்சு மை நிறங்களான சியானும் மெஜெண்டாவும் ஒரு நூலிழை கூடினாலோ குறைந்தாலோ கண்டுபிடிக்க வேண்டியவன் நான். அதைச் சொன்னபோது மருத்துவர் என்னைத் தேற்றுவதற்காக எதையும் மறைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளுக்கு நடந்த நிக்ஸ் டிபி ஆய்வில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் லினெசோலிட் கொடுத்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தீர்ந்தது, ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது. அளவைக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேட்டது அடுத்து வந்த ஜீநிக்ஸ் ஆய்வு. 181 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்ததில், 600 மில்லிகிராமை 26 வாரம் சாப்பிட்டவர்களில் 91 விழுக்காட்டினர் குணமடைந்தனர். நரம்புக் கோளாறு 24 விழுக்காட்டினருக்கு மட்டுமே வந்தது. பார்வை நரம்பு பாதிப்பு அந்தக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. அந்த 600 மில்லிகிராம்தான் எனக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை. முகம் தெரியாத அந்த நோயாளிகள் தங்கள் கால் நரம்புகளைப் பணயம் வைத்து எனக்குச் சரியான அளவைக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் மாத்திரையைக் கையில் எடுக்கும்போதும் எனக்கு இருந்தது.

"நிறம் மங்கினா எங்களுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தெரியும். தெரிஞ்ச அன்னைக்கே வாங்க" என்றார் மருத்துவர். மாதந்தோறும் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் காட்டிச் சோதித்தார்கள். அது போதாதென்று நான் வீட்டிலும் ஒரு பழைய நாட்காட்டித் தாளில் இருந்த சிவப்புப் பட்டையை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பார்த்துவந்தேன். கடைசி வரை இரண்டு கண்ணுக்கும் அது ஒரே சிவப்பாகத்தான் இருந்தது.

கால்கள் தப்பவில்லை. பதினைந்தாம் வாரத்தில் பாதங்களில் மணல் ஒட்டியிருப்பது போன்ற உணர்வும் இரவில் எரிச்சலும் வந்தன. ஒரு வாரம் நான் வாய் திறக்காமல் இருந்தேன். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். அது தவறு. சொன்ன உடனே இரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் செய்து லினெசோலிடை 300 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், எரிச்சல் மட்டுப்பட்டது. முன்பே சொல்லியிருந்தால் அத்தனை தூங்காத இரவுகள் இருந்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெடாகுயிலின் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை மாற்றக்கூடும் என்பதால் அடிக்கடி இ.சி.ஜி. எடுத்தார்கள். அது உணவோடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும் என்பதால் காலை இட்லியைத் தவிர்க்காமல் சாப்பிட்டேன். காசநோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். அது முட்டைக்கும் பயறுக்கும் உதவியது. 

26ஆம் வாரம் டிசம்பரில் முடிந்தது. சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் எதுவும் வளரவில்லை. கால் கட்டை விரல்களில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நோய் திரும்புகிறதா என்று பார்க்க ஜூனில் மீண்டும் சளி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு வெளியாகும் நாட்காட்டி ஆல்பத்தின் புரூஃப் வேலைக்கு நடுவே அந்தத் தேதியை மேசைக் காகிதத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.