பெருவிரல் 0.9 காட்டணும்

அனஸ்தீசியா பக்கம் புதுசா வர்ற பிள்ளைங்க அடிக்கடி கேக்குறது, "ஆபரேஷன் முடிஞ்சு ஆள் தானா மூச்சு விடுறாங்களே அக்கா, தொண்டைக்குள்ள போட்ட மூச்சு ட்யூப்ப எடுத்தா என்ன?" எடுக்கக் கூடாது. தசைய தளர்த்துற மருந்து எல்லா இடத்தையும் ஒரே நேரத்துல விடாது, உதரவிதானம் முந்திக்கும், தொண்டைத் தசை பிந்தித்தான் வரும், அதனால மூச்சு ஓடும் ஆனா எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள்ள போகாம தடுக்க சத்து இருக்காது.

வேற எங்கயோ முன்னாடி ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட தோட்டத்து அம்மா ஒருத்தங்க சொன்னாங்க, "நீங்க பேசுறதெல்லாம் கேட்டுச்சு புள்ள, கண்ணத் தொறக்க முடியல, மூச்ச இழுக்கத் தெம்பில்ல". தசை மருந்து விடாத நெலமைய, நீங்க சும்மா பயந்துட்டீங்கன்னு அங்க யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்கு அது இன்னும் ஆறல.

மருந்து விட்டுருச்சான்னு தெரிஞ்சுக்க, மணிக்கட்டுல கைக்குப் போற அல்னார் நரம்பு மேல எலக்ட்ரோட் ஒட்டி அரை செக்கனுக்கு ஒன்னா நாலு தடவ கரண்ட் குடுத்து பெருவிரல் எப்படி அசையுதுன்னு பாக்குற ட்ரெய்ன் ஆஃப் ஃபோர் 1970லயே வந்துருச்சு. ட்யூப்ப எடுக்கணும்னா நாலாவது அசைவு முதல் அசைவுல 0.9 பங்காவது இருக்கணும். சிலர் கையாலயே தொட்டுப் பாத்துட்டு நாலும் ஒன்னாத்தான் இருக்குன்னுடுவாங்க, ஆனா 0.4 தாண்டிட்டா எவ்வளவு அனுபவம் உள்ள விரலுக்கும் வித்தியாசம் புடிபடாது, அளந்து நம்பர் காட்டுற மெஷின்தான் வேணும். கை துணிக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு முகத்துல ஒட்டுறதும் உண்டு, கண்ணு பக்கத்துத் தசை சீக்கிரமே தெளிஞ்சு நம்மள ஏமாத்தும், கடைசில கைய வெளிய எடுத்து பெருவிரல்லயே பாருங்க.

நுவரெலியா பக்கத்துக் குளிர் வேற. அட்ராகுரியம்ங்கிற தசை தளர்த்துற மருந்துல ஒரு பங்கு உடம்புச் சூட்டுலதான் தானா சிதையுது, உடம்பு குளிர்ந்தா மருந்து இழுத்துக்கிட்டே போகும், கொழுந்து கிள்ளுற அந்தப் பெருவிரல் சில்லுன்னு இருந்தா அசைவே சின்னதாத்தான் தெரியும். அதனால வார்மர் போடுறதோட கையையும் சுத்தி வைக்கச் சொல்லுவேன்.

தசை மருந்த முறிக்கிற நியோஸ்டிக்மின் குடுக்குறதும் நாலு அசைவும் வந்தப்புறம்தான், குடுத்த கையோட ட்யூப்ப இழுக்குற வேலையும் கிடையாது, சர்ஜன் அடுத்த கேஸ ஏத்தலாமான்னு கதவுல நின்னாலும் மறுபடி அளக்கணும். ட்யூப் எடுத்த நேரத்துக்குப் பக்கத்துல அந்த நம்பரையும் சார்ட்ல எழுத வைக்கிறேன், எழுதாம ரிக்கவரிக்கு யாரையும் அனுப்ப விடமாட்டேன்.